மீன்திறன் குழந்தை

என் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் எதுவும் பிடிபடாது. அவள் பிறந்த வருஷம் எங்கள் ஊரில் பெண் குழந்தை பெற்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் போனபோது, கவுன்டரில் இருந்தவர் முதல் எழுத்தைச் சொன்னதுமே மீதியை அவராகவே எழுதிக்கொண்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதனால் அவள் நாலாம் வகுப்புக்குப் போனபோது, அதே வகுப்பில் அதே பெயரில், அதே இனிஷியலோடு இன்னொரு பெண் வந்து சேர்ந்ததில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. வகுப்பு டீச்சர்தான் முதல் வாரம் திண்டாடினார். பரிசு என்று கூப்பிட்டால் ரெண்டு பேரும் எழுந்து வருவார்கள். திட்டுவதற்குக் கூப்பிட்டால் ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருப்பார்கள். கடைசியில் அவர் ஊரையே பேராக்கிவிட்டார். கடலூர் என்பது ரெண்டு ஊர். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் புதுநகர். துறைமுகம் பக்கம் முதுநகர். பேச்சில் நியூ டவுன், ஓல்டு டவுன், சுருக்கி என்.டி., ஓ.டி. என்போம். எங்கள் வீடும் என் மூக்குக்கண்ணாடிக் கடையும் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பதால் என் பெண் என்.டி. ஆனாள். முதுநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகும் அந்தப் பெண் ஓ.டி. ரெண்டு பேருக்கும் அந்தப் பேர் பிடித்துப்போய், வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொன்னார்கள். நாங்கள் பாப்பா என்றே கூப்பிட்டோம்.

அந்த வருஷம் பள்ளியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். சிதம்பரத்தில் ஒரு அறக்கட்டளை, நாலாவது ஐந்தாவது படிக்கிற பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்தப்போகிறதாம். பரீட்சை எப்படி இருந்தது என்று பாப்பாவைக் கேட்டேன். "கணக்கு இல்ல, இங்கிலீஷ் இல்ல, ஜாலியா இருந்துச்சுப்பா" என்றாள். அதோடு நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

ஒரு மாசம் கழித்துத் தலைமையாசிரியர் போன் செய்தார்.

"சார், உங்க பொண்ணு செலக்ட் ஆயிட்டா. நம்ம ஸ்கூல்ல ஒரே ஒரு ஆளு. மீத்திறன் குழந்தை!"

"என்ன திறன் சார்?"

"மீத்திறன். மீன்னா ஜாஸ்தின்னு அர்த்தம். ஜாஸ்தித் திறன்."

நான் கடையிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் என் மனைவி முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம், "நம்ம பாப்பாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஏங்க, நல்லா கேட்டீங்களா? நம்ம பாப்பாவா?" அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஏழாம் வாய்ப்பாட்டை வருஷக்கணக்காகப் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவள் அவள்தான். அது ஏழு மூணு இருபத்தொண்ணைத் தாண்டி நகர்ந்ததே இல்லை.

"பெரிய மேதைங்களுக்கெல்லாம் வாய்ப்பாடு வராதுடி" என்றேன். எங்கே கேட்டேனோ தெரியாது. ஆனால் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, மஞ்சக்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் சுகதுக்கம் எல்லாம் அவன் மெஷின் வழியாகத்தான் வெளியே வரும். அவனுக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் கடை திறக்கப் போனால், முக்கில் பஸ் நிற்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே என் பெண் நிற்கிறாள். பின்னால் ராக்கெட் ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கிறது. அவள் உடம்பில் டாக்டர் கோட்டு. மூக்கில் கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி. அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

"அறிவாளின்னா கண்ணாடி வேணும் மாமா" என்றான் மச்சான். "உங்க கடைக்கும் ஒரு விளம்பரம்."

கீழே அவன் படம், போனைக் காதில் வைத்தபடி. அதற்குப் பக்கத்தில் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று எழுதியிருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளையை. நான் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் நடுவில் இருந்த பெரிய வரியைப் படித்தேன். என் பெண்ணின் பேர், இனிஷியல், அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: 'மீன்திறன் குழந்தை.'

"மச்சான், மீத்திறன்டா!"

"நீங்க மீத்திறன்னுதான் மெசேஜ் போட்டீங்க. அப்படி ஒரு வார்த்தையே இல்லியே, அவசரத்துல ஒரு எழுத்து விட்டுட்டீங்கன்னு நானே சேத்தேன் மாமா."

மாற்றி அடித்துத் தருகிறேன் என்றான். ஆனால் கல்யாண சீசன். அவன் மெஷினுக்கு மூச்சு விட நேரமில்லை. பேனர் அப்படியே நின்றது. டீக்கடைக்காரர் பாப்பாவுக்கு மீன்வளத்துறையில் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். லென்ஸ் மாற்ற வந்த ஒரு அம்மா, நீச்சலில் எந்த ஸ்டைல் என்று கேட்டார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "வாரத்துல எத்தனை நாளு மீனு குடுக்குறீங்க?" என்றார். அவர் பையனுக்கும் அந்த வருஷம் பரீட்சை இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் பாப்பாவோடு ஓ.டி.யும் கடைக்கு வந்தாள். அவள் அப்பாவின் கண்ணாடியில் ஒரு காதுக்கம்பி உடைந்திருந்தது. ஒல்லியான பெண். இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை. நான் ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று பேனரை முழுசாக, கீழே அச்சகத்தின் போன் நம்பர் வரை படித்து முடித்தாள்.

"அங்கிள், மீன்திறன்னா இன்னா?"

"அது எழுத்துப்பிழைம்மா. மீத்திறன்."

"அதான பாத்தேன்" என்றாள். "என்.டி.க்கு மத்தி மீனுக்கும் காரை மீனுக்கும் வித்தியாசமே தெரியாதே." பாப்பா அதை மறுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காலை பாசஞ்சரில் ஏறினேன். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். அவள் செங்கல் நிறத்தில் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். ஜன்னலில் முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. நான் எதிரில் இருந்தவர்களிடம் அவர்கள் கேட்காமலே எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டு போனேன்.

கீழவீதிக்குப் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் வகுப்பு. நடத்துகிறவர் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். மெலிந்த உருவம், பருத்திப் புடவை. பேசும்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிக்கொண்டே வரும். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும்முன் பாப்பாவின் தோளில் கைவைத்து, "ஓ, செங்கல் பொண்ணு நீதானா?" என்று கேட்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். பாப்பா தன் சுடிதாரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா மிஸ்" என்றாள். எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோர்களுக்குக் கீழே வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். வடலூரிலிருந்து ஒரு அப்பா, குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அம்மா, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாத்தா, இப்படி ஒரு கூட்டம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் எல்லோர் பிள்ளையைப் பற்றியும் தெரிந்துவிட்டது. குறிஞ்சிப்பாடி அம்மாவின் மகன் ரெண்டு வயசிலேயே கரண்ட் பில்லைப் படித்தானாம். வடலூர்க்காரர், "எம் மவ பொறக்கும்போதே கண்ணைத் தொறந்துகிட்டுதான் பொறந்தா" என்றார். நான் தொழிலில் கண்ணைப் பற்றித் தெரிந்தவன். ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

பகல் ஒரு மணிக்குப் பிள்ளைகள் இறங்கி வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். என்ன சொல்லிக்கொடுத்தாங்க?

"ஒண்ணும் சொல்லிக்குடுக்கலப்பா" என்றாள் பாப்பா. "கேள்வி கேட்டாங்க. பதில் சொன்னோம். பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்டாங்க. நடுவுல கிரீம் பிஸ்கட்டு."

அடுத்த வாரம் பட்டாணியை முளைக்கப் போட்டார்கள். அதற்கடுத்த வாரம் நிழல் எதனால் ஆனது என்று காலை முழுக்கச் சண்டை போட்டார்கள். வீட்டுப்பாடம் இல்லை, மார்க் இல்லை. வராந்தாவில் கொதிப்பு கிளம்பியது. இவ்வளவு தூரம் வந்து பட்டாணி முளைக்க வைப்பதற்கு எங்கள் வீட்டுக் கொல்லை போதாதா என்று நெல்லிக்குப்பம் தாத்தா கேட்டார். நான் மட்டும் மேடம் பக்கம் நின்று பேசினேன். என்னைப் பொறுத்தவரை என் பெண் பிறவி மேதை. அவளுக்கு எது கொடுத்தாலும் சரி. இதற்கிடையில் என் பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரை யாரோ பார்த்துவிட்டார்கள். அந்த வராந்தாவில் தளர்ந்த பிரேம்களை எல்லாம் நான்தான் முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடத்தின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டையையே மாற்றிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து அது நழுவவில்லை.

கொதிப்பைத் தணிக்க மேடம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தார்.

"உங்க குழந்தைகளை ஏன் தேர்ந்தெடுத்தோம்னு முதல்ல சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "பரீட்சையில ஒரு கேள்வி. ஒரு செங்கல்லை வெச்சு என்னென்ன பண்ணலாம்? எல்லாக் குழந்தையும் வீடு கட்டலாம், சுவர் கட்டலாம்னு எழுதியிருந்தது. ஒரே ஒரு பொண்ணு பக்கம் முழுக்க எழுதியிருந்தா. அதுல ஒண்ணு: 'ரேஷன் கடையில் அம்மாவுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். செங்கல்லுக்குக் கால் வலிக்காது.' இன்னொண்ணு: 'எங்கள் ஐஸ்பெட்டி மூடிமேல் உட்காரும். நான் உட்கார வேண்டாம், விளையாடப் போகலாம்.' நான் நாற்பது வருஷமா விடைத்தாள் திருத்தியிருக்கேன். இப்படி ஒண்ணைப் படிச்சதில்ல. அந்தப் பொண்ணு கடலூர். இவரோட மகள்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். குறிஞ்சிப்பாடி அம்மாகூடத் தட்டினார். கொஞ்சம் லேட்டாகத் தட்டினார், ஆனால் தட்டினார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பாப்பாவுக்கு ஐஸ்கிரீம், சமோசா, மறுபடி ஐஸ்கிரீம்.

வண்டி பரங்கிப்பேட்டை தாண்டியதும் கேட்டேன். "ஏம்மா, ரேஷன் கடையில செங்கல்லு வரிசையில நிக்கும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எது?"

"அதான், பரீட்சையில எழுதினியே."

"நான் அப்படி எழுதலியேப்பா. வீடு கட்டலாம்னுதான் எழுதினேன்." கொஞ்சம் யோசித்து, "கோயிலும் கட்டலாம்னு எழுதினேன்" என்றாள்.

நான் சீட்டின் நுனிக்கு வந்தேன்.

"அப்ப ஐஸ்பெட்டி மூடி?"

"நம்ம வூட்ல ஏதுப்பா ஐஸ்பெட்டி? அது ஓ.டி. வூட்ல. அவ அம்மா மீன் போட்டு வெப்பாங்க. அதுக்கு மூடி சரியா மூடாது. அவதான் மேல உக்காந்திருப்பா." சொல்லிவிட்டு அவளுக்கே பொறி தட்டியது போலிருக்கிறது. கண்ணை அகல விரித்து, "அப்பா! அப்ப அவுங்க கூப்புட்டது ஓ.டி.யை!" என்றாள்.

"மேடம் முதல் நாளே செங்கல் பொண்ணு நீதானான்னு கேட்டாங்களே. நீ ஆமான்னு சொன்னியேம்மா!"

"டிரெஸ் கலரைக் கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

புதுச்சத்திரம் வந்தது, போனது. எதிர் சீட்டில் இருந்தவர், காலை வண்டியில் நான் பெருமையடித்ததைக் கேட்டுக்கொண்டு வந்தவர், தற்செயலாக அதே வண்டியில் திரும்புகிறார். அவர் பெருந்தன்மையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். "நான்தான் அன்னைக்கே கேட்டேனே, நம்ம பாப்பாவான்னு" என்றாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மொதல்ல அந்த மேடத்துக்கு சொல்லுங்க. அப்புறம் அந்தப் பொண்ணு வூட்டுக்கு நாம மூணு பேரும் போய் சொல்லணும். போன்ல சொல்லக் கூடாது."

மச்சானுக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, உடனே பேனரை எடுக்கச் சொன்னேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "எதுக்கு மாமா எடுக்கணும்? பேரு அதேதான, இனிஷியலும் அதேதான. மூஞ்சிய மட்டும் மாத்தி ஒட்டினா முடிஞ்சுது. கோட்டு எந்தப் பொண்ணுக்கும் சரியா இருக்கும்."

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் நம்பவில்லை. "ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸா? அப்படிக்கூட இருக்குமா சார்?"

"எங்க ஊர்ல இந்தப் பேருக்கு அது ஜாஸ்தி இல்லீங்க மேடம்."

விடைத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். ஒரு தாள் மாறிவிட்டது, தப்பு எங்கள் பக்கம்தான் என்று ரொம்ப வருத்தப்பட்டார். எனக்கு ஒரு சபலம். மெதுவாகக் கேட்டேன், "எங்க பொண்ணு இத்தனை வாரமா எப்படிங்க மேடம் பண்ணினா?"

"ரொம்ப சந்தோஷமா இருந்தா சார்" என்றார். நல்ல மனுஷி. பொய் சொல்லாமல் என்னென்ன சொல்லலாமோ அதைத் தேடிப் பிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதுநகருக்குப் போனோம். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் வீடு. ஓ.டி.யின் அம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா விசைப்படகு என்ஜின் மெக்கானிக். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். நான் பழுது பார்த்த கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. வழி நெடுக நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு டீயோடு உள்ளே போய்விட்டது. என் மனைவிதான் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களாண்ட ஒண்ணு சொல்றேன் சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த பேனரு வெச்ச அன்னைக்கு நான் பஸ்ல போயிட்டு இருந்தேன். கண்ணாடி வேற இல்ல, உடைஞ்சு கெடந்துச்சு. மூஞ்சி தெரியல. பெரிய எழுத்து மட்டும்தான் தெரிஞ்சுது. எம் பொண்ணு பேரு, எம் இனிஷியலு, மேல மீன்திறன் குழந்தைன்னு போட்டிருக்குது. நம்ம பொண்ணுதாண்டா, நம்ம ஜனத்துல யாரோ வெச்சிருக்காங்கன்னு நெனச்சு பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடியாந்தேன். கிட்ட வந்து பாத்தா டாக்டர் கோட்டு போட்டுக்கினு உங்க பொண்ணு நிக்குது. எறங்கின பஸ்ஸும் பூட்ச்சு."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் அவர் ஓடிவந்ததை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மச்சான் சேர்த்த அந்த ஒரு எழுத்து, ஊரில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பிழையாகத் தெரியவில்லை. அந்த ஆள் நினைத்ததுதான் சரி.

அவர் மனைவி சிரிக்கவில்லை. யோசனையில் இருந்தார். "சனிக்கிழமையாண்ணே? சனிக்கிழமை வியாபாரம் ஜாஸ்தியாச்சே. இவரு என்ஜின் வேலைக்குப் போயிருவாரு. சிதம்பரத்துக்கு யாரு இட்டுக்கினு போவா? பரவால்லண்ணே, உங்க பொண்ணே போவட்டும். பழகிப்போச்சுல்ல."

"நான் கூட்டிட்டுப் போறேன்மா" என்றேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படி ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

நாங்கள் பெரியவர்கள் வேண்டாம், பரவாயில்லை, அதெல்லாம் என்ன என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து வேறொரு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போனா இன்னா பண்ணுவாங்க?"

"கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீ என்ன சொன்னாலும் திட்ட மாட்டாங்க."

"பிஸ்கட்டு?"

"கிரீம் பிஸ்கட்டு. ஆளுக்கு ரெண்டு. கேட்டா மூணு."

"டிரெயினா, பஸ்ஸா?"

"டிரெயினு."

"ஜன்னல் சீட்டு?"

பாப்பா இங்கே ரொம்ப நேரம் யோசித்தாள். "போகும்போது எனக்கு. வரும்போது உனக்கு." ஓ.டி. அதை ஏற்றுக்கொண்டாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, தேர்வாகாத எங்கள் பெண்ணும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட வருவதாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று.

அப்படித்தான் அந்த வருஷம் போனது. திருப்பாதிரிப்புலியூரில் ரெண்டு பேர் ஏறுவோம், முதுநகரில் மூணு பேர் ஆவோம். வராந்தாவில் முதல் நாள் விஷயத்தைச் சொன்னபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டவன் அல்லவா. வடலூர்க்காரர்தான் காப்பாற்றினார். "அதுக்கென்ன சார், பிரேமை முறுக்க ஆளு வேணும்ல, நீங்க வாங்க" என்றார்.

ஓ.டி. உள்ளே போய் எல்லாவற்றிலும் தூள் கிளப்பினாள் என்று சொல்ல ஆசைதான். முதல் நாள் அவள் தூங்கிவிட்டாள். காலையில் அம்மாவோடு சீக்கிரம் எழுந்திருந்தாளாம். ரெண்டாவது வாரம் மேடத்தோடு வாதாடினாள். மூணாவது வாரம் சூரியன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். வடலூர்ப் பெண் பூமி உறைந்துவிடும் என்றிருக்கிறாள். கரண்ட் பில் பையன் கோள்கள் எல்லாம் நேராகப் போய்விடும் என்று கையை வீசிக் காட்டினானாம். ஓ.டி., "கருவாடு காயாது" என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மேடம் சிரிக்காமல், "காயாட்டி?" என்று கேட்க, அவள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், முதுநகரில் ஆரம்பித்து மலைப்பக்கச் சந்தை வரைக்கும் யார் யார் என்னென்ன சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அன்று பகல் வகுப்பு அரை மணி நேரம் லேட்டாக விட்டது. வண்டியைப் பிடிக்க ஓடினோம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பாப்பா மூலமாகத்தான். அவள் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து கதவிடுக்கில் காதை வைத்து, அவ்வப்போது கீழே இறங்கி வந்து வராந்தாவுக்கு நேரலை கொடுப்பாள். யார் பிள்ளை என்ன சொன்னது, யார் பிள்ளை அழுதது, யாருக்குப் பிஸ்கட் ரெண்டாம் தடவை கிடைத்தது. பெற்றோர்களுக்கு அவள் இல்லாவிட்டால் பொழுது போகாது. ஜலதோஷத்தில் ஒரு வாரம் வராமல் போனபோது குறிஞ்சிப்பாடி அம்மா எனக்கு மூணு தடவை போன் செய்தார். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசி சனிக்கிழமை சின்னதாக ஒரு விழா. ஓ.டி.யின் அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களோடு ரயிலில் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்க முதுகைச் சாய்க்காமலே சிதம்பரம் வரை உட்கார்ந்து வந்தார். மேடையில் மகள் சான்றிதழ் வாங்கியபோது அவர் கை தட்ட மறந்துவிட்டார். பாப்பாதான் அவர் பங்குக்கும் சேர்த்துத் தட்டினாள்.

விழா முடிந்ததும் ஓ.டி.யின் அம்மா மேடத்திடம் போய், நியூஸ் பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொட்டலத்தை ரெண்டு கையாலும் கொடுத்தார். மேடம் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்! ஸ்வீட்டா?"

"வஞ்சிரங் கருவாடு மேடம். நானே பாத்துப் பாத்து எடுத்தது. கடையில இது கெடைக்காது."

மேடத்தின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நான் மாற்றிக் கொடுத்த மூக்குப் பட்டை இல்லாவிட்டால் கண்ணாடி அன்றைக்குக் கீழே விழுந்திருக்கும். எல்லோரும் படியிறங்கும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சார், எங்க வீட்ல முட்டைகூட வாங்கினதில்ல. அவங்க மனசு நோகக் கூடாது. நீங்க..." நான் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி ஸ்குரூ டிரைவர் பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

ஓ.டி.யின் அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டதால், ரயிலில் வழக்கம்போல நாங்கள் மூணு பேர். வரும்போது ஜன்னல் ஓ.டி.க்கு. அவள் கிள்ளை வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மூக்கை லேசாக உறிஞ்சினாள். என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், மேடம் சாப்புட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவுங்க டிபன் பாக்ஸை நான் வாராவாரம் பாத்திருக்கேன். அம்மாவாண்ட சொன்னேன், கேக்கல."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

"பையிலயே வெச்சிராதீங்க, சட்டைலாம் நாறிடும்" என்றாள் ஓ.டி. "ஆன்ட்டிய கத்திரிக்காய் போட்டுக் கொழம்பு வெக்கச் சொல்லுங்க. மாங்கா கெடைச்சா அதுவும் போடலாம். அம்மாவாண்ட நான் சொல்ல மாட்டேன்."

கத்திரிக்காயும் போட்டாள் என் மனைவி, மாங்காயும் போட்டாள். மச்சான் வந்து ரெண்டு தட்டுச் சாப்பிட்டான். இப்போது இந்தப் பெண்கள் ரெண்டு பேரும் பெரிய பள்ளிக்கூடத்தில் வேறு வேறு பிரிவில் படிக்கிறார்கள். ஆனாலும் ஓ.டி.யின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்.

"அண்ணே, அந்த வஞ்சிரத்தைப் பத்தி மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கம்மா" என்பேன். "உப்புதான் ஒரு சிட்டிகை ஜாஸ்தின்னு சொன்னாங்க."

அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுவார். அடுத்த தடவைக்குக் குறைத்துப் போடுவதாக மேடத்திடம் சொல்லச் சொல்வார்.